உப்பளம் வரைக்கும்

எங்கள் மாமா சட்டியில் உப்புப் போடும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. பேசினால் ஸ்டாப் மாறிவிடும்.

மாமா பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருடைய வண்டி பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, கோர்ட், பழைய தபாலாபீஸ், தண்ணீர்த் தொட்டி, மில் கேட், ரயில் கேட், ஒற்றைப் பாலம் என்று நின்று நின்று, கடைசியில் கடலோர உப்பளத்தில் போய் மூச்சு வாங்கும். அந்த வேலையை விட்டுவிட்டு அத்தையோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை வைத்த பிறகும் வண்டி அவர் வாயை விட்டு இறங்கவில்லை. அத்தை சட்டியை இறக்கி வைத்து, "ஏங்க, வாங்க" என்பாள். மாமா தோளில் கிடக்கும் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஏதோ மேடையில் பேசக் கூப்பிட்ட மாதிரி வருவார். உப்புச் சாடிக்குள் மூன்று விரலை விடுவார். "ஸ்டாண்டு" என்று ஒரு சிட்டிகை. "கோர்ட்டு" என்று ஒரு சிட்டிகை. இப்படியே ஊரைக் கடந்து, பாலத்தைக் கடந்து, "உப்பளம், எல்லாரும் எறங்கு" என்று கையை உதறினால் அந்தச் சட்டிக்கு உப்பு முடிந்தது. பெரிய சட்டிக்கு ஸ்டாண்டிலிருந்தே கிளம்புவார். சின்னச் சட்டிக்கு மில் கேட்டில் ஏறிக்கொள்வார். அவித்த முட்டைக்கு வெறும் உப்பளம் மட்டும்.

ருசி பார்க்கவே மாட்டார். கரண்டி நுனியைக்கூட நாக்கில் வைக்க மாட்டார். கை உதறியதும் திரும்பிப் பார்க்காமல் தட்டுகளை எடுக்கப் போய்விடுவார். ஆனாலும் ஒரு நாள் கூடியதில்லை, ஒரு நாள் குறைந்ததில்லை. நான் ஸ்டாப்பை மாற்றிவிடப் பலமுறை முயன்றிருக்கிறேன். அவர் "தபாலாபீஸு" என்னும்போது பின்னாலிருந்து "ஆஸ்பத்திரி!" என்று கத்துவேன். "நம்ம ரூட்ல ஆஸ்பத்திரி இல்ல மருமகளே, அது வேற வண்டி" என்பார், கையை நிறுத்தாமல்.

கடைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கோர்ட்டுக்கும் பழைய தபாலாபீஸுக்கும் நடுவில், தெருவோடு ஒட்டிய ஒரு குடை ரிப்பேர் கடை காலியானபோது அதைப் பிடித்தார்கள். ஆறு மேசை போட்டார்கள், அடுப்பு வைத்தார்கள், பழைய பலகையைக் கழற்றத்தான் மறந்தார்கள். ஆகவே "இங்கு குடைகள் பழுது பார்க்கப்படும்" என்பதன் கீழேதான் ஜனங்கள் சாப்பிட வந்தார்கள். எங்களுக்கெல்லாம் அது குடைக்கடை. மழைக்காலத்தில் தெரியாத ஆள் யாராவது கம்பி ஒடிந்த குடையோடு உள்ளே வருவார். மாமா அவரைத் திருப்பி அனுப்ப மாட்டார். "ஒக்காருங்க, சாப்பிட்டுட்டு இருங்க, பார்த்துடலாம்" என்று உட்கார வைத்துவிடுவார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மாமா அடுப்பு மேடை ஓரத்தில் நின்று பழைய சைக்கிள் கம்பியை வைத்துக் குடையை நிமிர்த்தியிருப்பார். சில குடைகள் அதன் பிறகு விரியும், ஆனால் மூடாது.

அத்தை முன்பு மில் கேன்டீனில் சமைத்தவள். மில் கேட் ஸ்டாப்பில் தினமும் ஏறி இறங்கியவள். மாமா அவளை எப்படிப் பிடித்தார் என்று கேட்டால் அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்:

"ஊர்ல உள்ளவன் எல்லாம் பூவைக் கொண்டாந்து குடுப்பான். இந்த மனுஷன் ஓடுற பஸ்ல அஞ்சு கிலோ உப்பு மூட்டையத் தூக்கி என் மடியில வெச்சிட்டு, 'கேன்டீனுக்கு ஆகும்'னுட்டு டிக்கெட் கிழிக்கப் போயிட்டாரு."

"டிக்கெட்டும் ஓசியா அத்தை?"

"அதெல்லாம் கறார். டிக்கெட்டுக்குக் காசு வாங்கிட்டுதான் உப்பையே வெச்சாரு."

உப்பளத்தில் வண்டி திரும்புகிற இடைவெளியில் மாமா வாங்கிய உப்பு அது. அப்படி எத்தனையோ மூட்டை போன பிறகு ஒருநாள் அத்தை, "கேன்டீன்ல வைக்க எடமில்ல, இனிமே வீட்டுக்குக் கொண்டாங்க" என்றாளாம். அதுதான் அவர்கள் வீட்டில் காதல் வசனம். இதற்கு மேல் கேட்டால் இருவரும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.

கடை திறந்த முதல் நாள் நடந்த கதையைத் தையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பக்கத்துக் கடை. அன்றைக்கு அத்தை கேன்டீன் கையாலேயே உப்புப் போட்டுவிட்டாள். மில்லில் ஒரு ஷிஃப்டே சாப்பிடுகிற அண்டாவுக்குப் பழகிய கை, ஆறு மேசைச் சட்டிக்குச் சுருங்கவில்லை. அது போதாதென்று, இவள் போட்டது தெரியாமல் மாமா ஸ்டாண்டிலிருந்து உப்பளம் வரைக்கும் ஒரு முழு ட்ரிப் அடித்துவிட்டார். சாப்பிட்ட தையல்காரர் ஒரு கூஜா தண்ணீரைக் காலிபண்ணிவிட்டு எழுந்து, "சாப்பாடு பிரமாதம். கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம்.

அன்றோடு சட்டம் வந்தது. சமையல் அத்தையுடையது, உப்பு மாமாவுடையது. மேசையில் உப்புக் கிண்ணம் வைக்கக்கூடாது. யாராவது கேட்டால் மாமாவுக்கு முகம் சுண்டிவிடும். "மேசைல உப்பு வெச்சா என்ன அர்த்தம்? கண்டக்டர் மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்."

அத்தைக்கும் ஒரு சட்டம் இருந்தது. நடந்து போய் எடுத்துவர முடியாத எதுவும் அவள் அடுப்பில் ஏறாது. லாரியில் வந்த காய், பெட்டியில் வந்த பழம் எதையும் தொட மாட்டாள். காலையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், ஊரே அவளுக்குத் தோட்டம். கோர்ட் வளாகத்து முசுக்கொட்டை மரம், அதுதான் மல்பெரி. ரயில்வே வேலியோரத்து அத்தி. மொட்டைமாடிகளில் யாரோ வளர்த்து, காயை மட்டும் பறித்துக்கொண்டு பூவை விட்டுவிட்ட பூசணிக்கொடி. பழக்கடைக்காரர் வீசப்போகிற தர்பூசணித் தோல். ஏலக்கூடத்தில் யாரும் சீந்தாத பொடிமீன். இதையெல்லாம் மேடையில் பரப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முறைப்பாள். பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். மீனை அத்தி இலையில் சுருட்டிச் சுடுவாள். தர்பூசணித் தோலை மெல்லிசாகச் சீவிப் பூண்டோடு வதக்குவாள். முசுக்கொட்டைப் பழத்தைக் காய்ச்சி அதை வெங்காயத்தின் தலையில் ஊற்றுவாள். பழமும் வெங்காயமும் ஒன்றையொன்று முன்பின் பார்த்திராது. தட்டில் பார்த்தால் ஒரே குடும்பமாக இருக்கும்.

"இதுக்கு என்னங்க பேரு?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

"சாப்பாடு" என்பாள் அத்தை.

பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு பரஸ்பரம் மன்னித்துப் பிரிந்துவிட்டதால், மதியம் எனக்குப் போக்கிடம் அந்தக் கடைதான். ஜன்னல் மேசை தையல்காரருக்கு. அதற்கு அடுத்தது கோர்ட்டில் டைப் அடிக்கும் அக்காவுக்கு. எனக்கு அடுப்புக்கு எதிரே ஒரு முக்காலி. அங்கே உட்கார்ந்தால் மாமா விரல்கள் சாடிக்குள் போய்வருவது தெரியும். உப்பு சட்டியில் விழும்போது சத்தம் வராது. ஆனால் எனக்கு இன்றைக்கும் அந்தச் சத்தம் ஞாபகமிருக்கிறது. எப்படி என்று கேட்காதீர்கள்.

பிறகு மாமாவுக்குப் பிரஷர் வந்தது.

ஒருநாள் கடை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, உப்பைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டில் டாக்டர் சொன்னதை அப்படியே கேட்ட முதல் ஆள் மாமாதான். அவ்வளவு பயந்துவிட்டார். அவருக்கென்று ஒரு குட்டிச் சட்டியில் எல்லாம் உப்பில்லாமல் வெந்தது. முதல் வாரம் அதை வாயில் போட்டுக்கொண்டு, ரிட்டர்ன் ட்ரிப்பில் காலியாக வரும் பஸ்ஸைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச மாதத்தில் பழகிவிட்டது. பழகியதுதான் வினை. உப்பே படாத நாக்குக்குக் குடிதண்ணீரே கரித்தது. "இந்தக் கொழாய்த் தண்ணில என்னமோ கலக்குறான்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அதோடு, வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தையும் செய்தார். சட்டியில் உப்புப் போடும்போது நடுவில் நிறுத்தி, கரண்டி நுனியை நாக்கில் தொட்டுப் பார்த்தார். பார்த்ததும் துப்பினார். "அம்மாடி, என்னா கரிப்பு! ஜனங்கள நானே கொன்னுருவேன் போலருக்கே." அன்றைக்கு மில் கேட்டிலேயே இறங்கிவிட்டார். அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டியில். அப்புறம் தபாலாபீஸைத் தாண்டுவதே இல்லை.

சாப்பாடு சப்பென்று ஆனது. தையல்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு டைப் அக்காவைப் பார்ப்பார். அக்கா என்னைப் பார்ப்பாள். நான் மோட்டுவளையைப் பார்ப்பேன். மாமா தட்டுகளோடு வந்து, "எப்படி?" என்று கேட்பார்.

"அருமைண்ணே" என்பார் தையல்காரர், மென்றுகொண்டே.

யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கடையில் மாமாவுக்கு என்று இருந்ததே அந்த ஒரு வேலைதான். தட்டை யார் வேண்டுமானாலும் தூக்கலாம், குடையை யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம். "ஏங்க, வாங்க" என்று அத்தை கூப்பிடுவது உப்புக்கு மட்டும்தான். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த மனுஷர் எந்த மூலையில் நிற்பார்?

நான் எனக்குத் தெரிந்த வழியில் ஒரு சேவை செய்தேன். மாமா கட்டுக்கட்டாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பஸ் டிக்கெட்டுகளில் உப்பைப் பொட்டலம் மடித்து, மேசைக்கடியில் கைமாற்றினேன். மாமா முதுகைத் திருப்பியதும் ஆறு மேசையிலும் டிக்கெட் பிரிந்தது. டைப் அக்கா கைப்பையில் எப்போதும் ரெண்டு டிக்கெட் வைத்திருப்பாள். தையல்காரர் தன் பொட்டலத்தை வாங்கும்போது காதோரம், "ஒரு உப்பளம் குடும்மா" என்பார்.

அத்தை கண்ணில் பட்டது நாலாம் நாள். என் காதைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என் கடையில மேசைக்கு உப்பு வரக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"சாப்பாட்டுல உப்பு இல்லன்னு ஒனக்குத் தெரியாதா அத்தை?"

காதை விட்டுவிட்டாள். பாத்திரம் கழுவும் கல்லில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாம இந்த அடுப்புல எதுடி நடக்கும்?" என்றாள் மெதுவாக. "அந்த மனுஷன்கிட்ட சொல்ற வாய் எனக்கு இல்ல. சொல்லாமத்தான் சரிபண்ணணும்."

அடுத்த வாரம் அவளுக்குப் பல்வலி வந்தது. பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று விடிந்ததும் கிளம்பினாள். அதற்கடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். மாமா, "ஒன் வாய்ல மொத்தம் எத்தனை பல்லுதான் இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சந்தேகம். அத்தை வலித்த பக்கமாகவே வெற்றிலையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பின்தொடர்ந்தேன். அவள் மாமாவின் பழைய வண்டியில் ஏறினாள். நான் பின்படியில் ஏறி ஒரு குண்டு மனிதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கோர்ட், தபாலாபீஸ், தண்ணீர்த் தொட்டி, மில் கேட். எங்கும் இறங்கவில்லை. உப்பளத்தில் எல்லாரும் இறங்கிய பிறகுதான் இறங்கினாள். அங்கே ஒளிய ஒரு மரம்கூடக் கிடையாது.

"வந்ததுதான் வந்த, ஒரு கை குடு" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

பாத்திகளின் வரப்போரம், உப்புப் பூத்த சேற்றில், முழங்கால்கூட வராத ஒரு செடி. இலை இலையாக இல்லாமல் குட்டிக் குட்டி விரல்களாகப் பச்சையும் சிவப்புமாக இருந்தது. உமரிக்கீரை என்றாள். ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். சதக்கென்று உடைந்து, வாய் முழுக்கக் கடல்.

"நடந்து போற தூரம்தான் உன் சட்டம்னு சொல்லுவியே அத்தை. இது பஸ்ல வர்ற தூரமாச்சே?"

"அப்படியா, திரும்புறப்ப நீ நடந்து வா."

நடக்கவில்லை. பஸ்ஸில்தான் வந்தோம். மடியில் ஈரத் துணிப்பையை வைத்துக்கொண்டு அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மில் கேட் வந்தபோது பழக்கத்தில் எழப்போனாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். "ஒன் மாமாகிட்ட மூச்சு விட்ட, ஒன் நாக்கை நறுக்கி நாளைக்குச் சட்டியில போட்டுருவேன்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் நான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தை அப்படி என்றைக்குமே சமைத்ததில்லை. உமரியை அரைத்துப் பூசணிப்பூவுக்குள் திணித்தாள். கொதிக்கவைத்து வடிகட்டி அந்தத் தண்ணீரில் பயற்றை வேகவைத்தாள். பொடிமீனோடு நறுக்கிப்போட்டு முட்டையை ஊற்றினாள். உப்புக்கு மாமா வருவதற்குள் உப்பு உள்ளே போயிருக்கும். மாமா வந்து தபாலாபீஸ் வரைக்கும் போட்டு, நாக்கில் தொட்டு, வழக்கம்போலத் துப்பிவிட்டு இறங்குவார்; தண்ணீரே கரிக்கிற நாக்குக்கு உமரி தனியாகத் தெரியவில்லை. மீதி தூரம் சட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும். அத்தை அதை அவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பண்ணினாள்.

ஜனங்கள் வந்தார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். "இந்த ஊர்லயே இப்படி ஒரு ருசியா?" என்று தட்டை முகர்ந்து பார்த்தார்கள். இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பிரசங்கம் செய்தார்.

"உப்புங்கறது பூராவும் மாயை சார். கம்மி பண்ணப் பண்ணத்தான் உண்மையான ருசி மேல வரும். இந்தத் தட்டையே பாருங்க, பாதி உப்புதான் போட்டேன்."

தையல்காரருக்குப் புரை ஏறும். அத்தை அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். அவள் தோள் குலுங்குவது எனக்கு மட்டும்தான் தெரியும், என் முக்காலி அந்தக் கோணத்தில் இருந்தது.

மழை வந்தது. அந்த வருஷம் உப்பளமே தண்ணீருக்கடியில் போனது. வரப்பு இல்லை, சேறு இல்லை, உமரி இல்லை. அத்தைக்குப் பல்வலியும் நின்றது. சாப்பாடு மறுபடி சப்பென்று ஆனது. புதிதாக வந்த கூட்டம் ஒரு வாரத்தில் கரைந்தது. பழைய ஆட்கள் மென்றுகொண்டே, "அருமைண்ணே" என்றார்கள்.

ஒரு மதியம், மழை வலுத்த நேரத்தில் சின்ன கண்டக்டர் உள்ளே வந்தான். மாமாவிடம் வேலை பழகியவன், இப்போது அந்த வண்டி அவனுடையது. கையில் ஒடிந்த குடை.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. ஆமா, அக்காவுக்கு ஒடம்பு ஏதும் முடியலையா?"

"ஏன்டா, நல்லாத்தானே இருக்கா?"

"இல்ல, வாராவாரம் காலைல மொத வண்டிக்கு உப்பளம் வருவாங்களே. கீரை பறிக்க. மழை புடிச்சதுலேருந்து ஆளே காணோமேன்னு கேட்டேன்."

மாமா குடையைப் பிரித்தார். மூடினார். மறுபடி பிரித்தார். அத்தை அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. பிறகு அவர் நேரே என் முக்காலிக்கு வந்தார். அன்றைய சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மருமகளே, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லு. இங்க இருக்கறவங்க எல்லாரும் நல்லவங்க, சொல்ல மாட்டாங்க. நீதான் கேடி."

என்னால் எந்த ஆளையும், எந்த நேரத்திலும், எதையும் நம்பவைக்க முடியும். ஒருமுறை கோர்ட் வாசலில் நின்று இன்றைக்கு லீவு என்று சொல்லி ரெண்டு வக்கீல்களைத் திருப்பி அனுப்பியவள் நான். அன்றைக்குப் பொய் வரவில்லை.

"உப்பு இல்ல மாமா."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மடித்தார். சுவரில் கரண்டி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டார். பின்வாசல் வழியாகப் போகாமல், சாப்பிட வந்தவர்களைப் போல முன்வாசல் வழியாக வெளியே போனார். குடையில்லாமல்.

மறுநாள் முன்வாசல் வழியாகவே வந்தார். சட்டை போட்டு, தலை வாரி. தையல்காரர் மேசையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"சாப்பாடு" என்றாள் அத்தை.

அன்றைக்கு அத்தைதான் உப்புப் போட்டாள். கேன்டீன் கை. எல்லாரும் தண்ணீர் கேட்டார்கள். மூன்றாம் நாள் டைப் அக்கா வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். தையல்காரர் மட்டும், "பழைய நாள் ஞாபகம் வருது" என்றார், கண்ணில் தண்ணீர் வர.

மாமா தன் உப்பில்லாச் சாப்பாட்டைத் தின்றுகொண்டு தையல்காரரிடம் சொல்வதைப் போல, ஆனால் அடுப்புக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"டெப்போல ராத்திரி வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கறானாம். நின்ன பஸ்ஸப் பார்த்துக்கற வேலை. நாக்கு தேவைப்படாது. ஒண்ணாம் தேதிலேருந்து போயிரலாம்னு இருக்கேன்."

அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். துணியைச் சுற்றி, இன்னும் உப்புப் போடாத பெரிய சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். சட்டியோடு அவள் அடுப்பை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. நேராக ஜன்னல் மேசைக்கு வந்து மாமா முன்னால் டம்மென்று வைத்தாள். திரும்பிப் போய் உப்புச் சாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"போடுங்க."

"என் நாக்குப் போயிருச்சு. தெரிஞ்சுதானே வாராவாரம் பல் பிடுங்கப் போன?"

"ஒங்க நாக்கை இங்க யாருங்க கேட்டா? இத்தனை வருஷத்துல என்னைக்கு நீங்க நாக்கால உப்புப் போட்டிருக்கீங்க?"

"கை பயப்படுதுடி" என்றார் மாமா. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "எனக்கு ஆகாததை மத்தவங்க தட்டுல அள்ளிப் போடற மாதிரி இருக்கு."

அத்தை சாடிக்குள் கையை விட்டாள்.

"சரி, நானே போட்டுக்கறேன். ஸ்டாண்டு" என்று ஒரு பிடி. சிட்டிகை இல்லை, பிடி. "தண்ணித் தொட்டி…"

"ஏய், ஏய்" என்றார் மாமா. "ஸ்டாண்டுக்கு அப்புறம் கோர்ட்டு."

"எல்லாம் ஒண்ணுதான். ரயில் கேட்டு…"

"எப்படி ஒண்ணாகும்? ரயில் கேட்டு எங்க இருக்கு, நீ எங்க இருக்க? வண்டி என்ன பறந்து போகுதா?"

"அடுத்தது ஆஸ்பத்திரி" என்றேன் நான்.

"அது வேற வண்டின்னு எத்தனை வாட்டி சொல்றது!" மாமா எழுந்துவிட்டார். அத்தை கையைப் பிடித்துச் சாடியிலிருந்து வெளியே எடுத்தார். அவள் போட்ட பிடியைக் கரண்டியால் அள்ளி வெளியே எடுத்தார். சட்டியைப் பார்த்தார். மூன்று விரல் சாடிக்குள் போனது. "ஸ்டாண்டு" என்றார். "கோர்ட்டு" என்றார். தபாலாபீஸ் வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது. பழக்கம், இன்னொரு கை கரண்டிக்குப் போனது. அத்தை கரண்டியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நான் மில் கேட்ல நிக்கறேன். வர்றீங்களா இல்லையா?"

டைப் அக்கா மூக்கை உறிஞ்சினாள். மாமா அத்தையைப் பார்த்துக்கொண்டே, சட்டியைப் பார்க்காமல், "தண்ணித் தொட்டி" என்றார். "மில் கேட்டு. ரயில் கேட்டு." தையல்காரரும் சேர்ந்துகொண்டார், பின்மேசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒற்றைப் பாலத்தை மொத்தக் கடையுமாகத் தாண்டினோம்.

"உப்பளம்" என்றார் மாமா. கையை உதறினார். "எல்லாரும் எறங்கு."

அத்தை எல்லாருக்கும் பரிமாறினாள். தையல்காரர் ஒரு வாய் வைத்தார். அருமைண்ணே என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர்க் கூஜாவை யாரும் தேடவில்லை. மாமா ஆணியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தன் உப்பில்லாத் தட்டை எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார். டெப்போவில் வேறு யாரோ நின்ற பஸ்களைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள்.

கடை இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தினார்கள், அந்த வரிசையே போய்விட்டது. தையல்காரர் மகன் வீட்டோடு போனார். டைப் அக்காவுக்கு மாற்றலாகிவிட்டது. பலகையை மட்டும் நான் கழற்றிக்கொண்டு வந்தேன், என் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அத்தையும் மாமாவும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு மாடி போர்ஷனில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். அத்தை இன்னமும் துணிப்பையோடு நடந்துவிட்டு வந்து எதையோ எதோடோ சேர்த்து வதக்குவாள். முட்டி வலிப்பதால் தூரம் குறைந்துவிட்டது, அதனால் சமையலில் அக்கம்பக்கத்து வேலிகள் மட்டும்தான் வருகின்றன. "ஏங்க, வாங்க" என்பாள். மாமா துண்டோடு வருவார்.

கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பஸ் நிழற்குடை போட்டிருக்கிறார்கள். புது ஸ்டாப். அதற்குச் சர்க்கார் வைத்த பெயர் ஏதோ நீளமாக எழுதியிருக்கிறது. யாருக்கும் அது வாயில் நுழைவதில்லை. சின்ன கண்டக்டர் கோர்ட்டைத் தாண்டியதும் கதவில் தட்டி, "குடைக்கடை, குடைக்கடை எறங்கு" என்கிறான். குடைக்கடையைப் பார்த்தே இராத பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்குகிறார்கள்.

மாமா அதைக் கேள்விப்பட்டதிலிருந்து சட்டியிலும் அந்த ஸ்டாப்பில் நிற்கிறார். கோர்ட்டுக்கு அப்புறம், தபாலாபீஸுக்கு முன்னால், ஒரு சிட்டிகை அதிகம். போன ஞாயிற்றுக்கிழமையும் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். அத்தை கூஜாவை என் பக்கம் நகர்த்தினாள். நான் ஒரு கூஜா தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டேன்.